அமலோற்பவம் ஊரைவிட்டுப் போன மறுநாள்

பம்பு செட்டுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ஒரு சம்பந்தமும் இல்லைதான். ஆனால் கோயம்புத்தூர்ப் பக்கம் பம்பு செட்டு செய்கிற ஒரு முதலாளியின் ஒரே மகன் வெளிநாட்டுக்குப் போய்ப் படித்து, படிப்போடு சேர்த்து ஜாஸ் கிறுக்கையும் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, நம் கம்பெனியின் பொன்விழாவுக்கு எங்கெல்லாம் நமக்கு டீலர் இருக்கிறாரோ அங்கெல்லாம் ஒரு சாயங்காலம் ஜாஸ் கச்சேரி வைத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றால், பெற்ற தகப்பன் என்னதான் செய்வார்? வைத்துத் தொலை என்றார். அப்படித்தான் பெரம்பூர் அருமைநாயகம் மாஸ்டரின் குழு, அதுவரை கிறிஸ்துமஸ் விருந்துக்கும் ஓட்டல் திறப்பு விழாவுக்கும் வாசித்துக்கொண்டிருந்த குழு, வேன் கூரையில் டிரம்ஸைக் கட்டிக்கொண்டு, காங்கேயம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், கம்பம், ராஜபாளையம், சங்கரன்கோவில், செங்கோட்டை என்று ஊர் ஊராகத் தெற்கே இறங்க வேண்டியதாயிற்று.

மாஸ்டர் சாக்ஸபோன் வாசிப்பவர், மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருக்கிற மனிதர், ஆனால் ஒத்துக்கொண்ட கச்சேரிக்கு ஒரு நாளும் போகாமல் இருந்தவர் இல்லை. காய்ச்சலோடு வாசித்திருக்கிறார், மகள் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும் வேட்டியை மாற்றிக்கொண்டு போய் வாசித்திருக்கிறார். டிரம்ஸுக்கு லியோனார்ட், கீபோர்டுக்குத் திருமேனி, பேஸ் கிட்டாருக்குக் காசிம். காசிம் பேசவே மாட்டார் என்பதால் அவரால் யாருக்கும் தொந்தரவு இல்லை. இவர்கள் நாலு பேரோடு ஐந்தாவதாக ஒரு சிறப்புப் பாடகி வேண்டும், அதுவும் புதுமையாகப் பாடுகிறவராக வேண்டும் என்று சின்ன முதலாளி சொல்லிவிட்டதால் வந்து சேர்ந்தவள்தான் பாண்டிச்சேரி அமலோற்பவம்.

நாற்பதைத் தாண்டியவள், ஒல்லி, எப்போதும் ஒரு பெரிய கைப்பை, அதில் எலுமிச்சம்பழமும் தைலமும். அவளுடைய பாட்டைப் பற்றி மாஸ்டருக்குச் சொன்னவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள், அப்படிக் கேட்டதே இல்லை ஐயா, வார்த்தையே இல்லாமல் பாடுகிறாள் ஐயா, நெஞ்சைப் பிசைகிறது ஐயா என்று சொன்னார்கள். ஆனால் அவள் பாடியபோது எதிரில் உட்கார்ந்திருந்தேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அது ஏன் என்று மாஸ்டர் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும். எங்கே யோசித்தார்? ஒத்திகைக்குக் கூப்பிட்டதற்கு, "மேடையில வர்றது மேடையிலேயே வரட்டும் மாஸ்டர், இங்க பாடினா அங்க தீர்ந்துடும்" என்று அவள் சொன்னபோது, ஆகா, இவளல்லவா ஜாஸ்காரி என்று பூரித்துப்போனார்.

காங்கேயத்தில் முதல் கச்சேரி. மேடையில் ஒரு ஓரமாக மாலை போட்ட புது மோட்டார், நடுவில் இவர்கள், எதிரில் விவசாயிகளும் டீலர் வீட்டுப் பெண்களும் ஓடுகிற பிள்ளைகளும். மாஸ்டர் குழு ரெண்டு உருப்படி வாசித்து முடித்ததும் அமலோற்பவம் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள், கண்ணை மூடினாள், வாயைத் திறந்தாள், தொண்டை அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை ஒன்று மேலே எழும்பி மெதுவாக இறங்கியது, சத்தம் மட்டும் வரவில்லை. மைக் செட்டுக்காரர் எல்லாத் திருகையும் திருகிப் பார்த்தார். சத்தம் வரவில்லை.

இந்த இடத்தில் வேறு எந்தப் பாட்டுக் கோஷ்டியாக இருந்தாலும் வாசிப்பை நிறுத்திவிட்டு, என்னம்மா ஆச்சு, தண்ணி வேணுமா என்று கேட்டிருக்கும். இவர்கள் ஜாஸ்காரர்கள். சத்தம் போடாமல் இருப்பதும் சங்கீதம்தான் என்று வாழ்நாளெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள். லியோனார்ட் குச்சியைக் கீழே வைத்துவிட்டு மாஸ்டர் பக்கம் குனிந்து, "மாஸ்டர், சத்தத்தையே எடுத்துட்டாங்க பாருங்க, என்னா தைரியம்!" என்றார். திருமேனி பக்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு ஒரு விரலால் மட்டும் வாசித்தார். மாஸ்டருக்கும் உடம்பு சிலிர்க்கத்தான் செய்தது, ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ஜாஸில் நாலுக்கு நாலு என்று ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் நாலு சுற்றுப் பாடி நிறுத்துவார், சாக்ஸபோன் நாலு சுற்று பதில் சொல்லும், மறுபடி பாட்டு, மறுபடி பதில். பாட்டே கேட்காதவன் எந்த இடத்தில் பதில் சொல்வது, எதற்குப் பதில் சொல்வது? அவர் குத்துமதிப்பாக உள்ளே நுழைந்தார், நுழைந்த இடம் சரியா தப்பா என்று தெரியாமலே வெளியே வந்தார்.

கச்சேரி முடிந்ததும் டீலர் சென்னியப்பன் ஒரு சொம்பில் மிளகுப்பால் கொண்டுவந்து, "ஏனுங்கம்மா, தொண்ட கட்டிக்கிச்சுங்களா? சூடா ஒரு வாய் குடிங்க" என்றார். அமலோற்பவம் வாங்கிக் குடித்தாள். மறுநாள் காலையில் வேன் கிளம்பிவிட்டது.

தாராபுரத்திலும் அதே கதை. மேடையை விட்டு இறங்கி மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது காங்கேயத்திலிருந்து சென்னியப்பன் போனில் கூப்பிட்டார்.

"மாஸ்டருங்களா? வந்துருச்சுங்க."

"என்னங்க வந்துச்சு?"

"பாட்டுங்க. நேத்து அந்தம்மா பாடுனாங்கல்ல, அது இப்பத்தான் வந்து முடிஞ்சுதுங்க. ஊரு பூராக் கேட்டுதுங்க."

அதாவது, முந்தின நாள் அவள் மைக்கைப் பிடித்த அதே நேரத்துக்கு, ஆள் இல்லாத மைதானத்தில், அவள் நின்ற இடத்தில், அவள் வாய் இருந்த உயரத்தில் குரல் தொடங்கியிருக்கிறது. மைதானத்தில் எவ்வளவு சத்தமாகக் கேட்டதோ அதே அளவுக்கு மாட்டுச் சந்தையிலும் கேட்டிருக்கிறது, அடுப்படியிலும் கேட்டிருக்கிறது, குளிக்கிற அறையிலும் கேட்டிருக்கிறது. காங்கேயத்தில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. புதுசாக வருகிற சாமான் எல்லாம் இப்படித்தான் இருக்கும்போல என்று எடுத்துக்கொண்டார்கள். பம்பு செட்டிலேயே சுவிட்சைப் போட்ட உடனே தண்ணீர் வந்துவிடுகிறதா, கொஞ்சம் இழுத்துத்தானே வருகிறது, இது கொஞ்சம் ஆழத்திலிருந்து வருகிறது என்று ஒரு பெரியவர் சொல்ல, அதுதான் சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். போலீசார் மட்டும் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைத்தது யார் என்று விசாரிக்க வந்தவர்கள், விசாரிக்க ஆள் இல்லாததால் நின்று முழுசையும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

மாஸ்டர் நேரே அமலோற்பவத்திடம் போனார்.

"ஏம்மா, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர். ரொம்ப வருஷமா இப்படித்தான். நான் ஊரை விட்டுக் கிளம்பினாத்தான் வரும். கேட்டவங்க உங்களுக்குச் சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"சொல்லலையே! ஒரு பயலும் சொல்லலையே!"

அவள் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்துகொண்டாள்.

அன்றைக்குப் பிடித்தது மாஸ்டருக்குச் சனி. தான் வாசிக்கிற பாட்டு எப்படி இருக்கிறது என்று தனக்கே தெரியாது, ஊரில் இருக்கிற எருமைக்குத் தெரியும், ஈயம் பூசுகிறவருக்குத் தெரியும், தனக்குத் தெரியாது. மறுநாள் ஒட்டன்சத்திரத்தில் மேடை ஏறுகிற அதே நேரத்தில் தாராபுரத்தில் குரல் வந்தது. அங்கே மைதானத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பெண்ணின் தாய்மாமன், தான்தான் ஏற்பாடு செய்தேன் என்று கூசாமல் சொல்லிவிட்டார், மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தேடி வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்களாம். இதையெல்லாம் போனில் கேட்டுக்கொண்ட மாஸ்டர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார், பாட்டு எப்படி இருந்தது, எந்த இடத்தில் தொடங்கியது, எந்த இடத்தில் நிறுத்தினாள், நடுவில் எனக்கு இடம் விட்டிருந்தாளா. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"நல்லா இருந்துச்சுங்க."

"நல்லான்னா எப்படி நல்லா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

போனை எங்கேயாவது வீசிவிடலாம் போல இருந்தது அவருக்கு. சென்னியப்பனைக் கெஞ்சி, தாராபுரத்தில் இருக்கிற அவருடைய மச்சானிடம் சொல்லி, குரல் வருகிற நேரத்தில் போனைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லியிருந்தார். போனை லியோனார்ட் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு காதில் ஒயர் மாட்டிக் கேட்டபடி டிரம்ஸ் அடித்தார். கேட்டதெல்லாம் குக்கர் விசில், ஒரு நாய், "தம்பி, தள்ளி நில்லு" என்று யாரோ சொன்னது. பதிவு செய்தவர்களுக்கும் காற்று இரைச்சல்தான் மிஞ்சியது. அந்தக் குரல் காதுக்குப் போகும், கருவிக்குப் போகாது. சின்ன முதலாளியிடம் மாஸ்டர் முறையிட்டார், ஒரே ஒரு ஊரில் ஒரு நாள் கூடத் தங்க விடுங்கள், அவளை முன்னால் அனுப்பிவிட்டு நான் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். நாளைக்கு அடுத்த ஊரில் சாக்ஸபோன் இல்லாமல் என்ன கச்சேரி என்றது போன். மாஸ்டருக்கே தெரியும், தான் இல்லாமல் ஒரு மேடையா, அது தன்னால் முடியாது. அதுதான் அவருடைய பெரிய எரிச்சல். கட்டிப்போட்ட கயிறு தன் கையில்தான் இருந்தது.

ஒட்டன்சத்திரத்தில் வேன் மக்கர் செய்தது. கச்சேரி முடிந்த மறுநாள் பூராவும் எஞ்சின் உறுமுவதும் அடங்குவதுமாக இருக்க, சாயங்காலம் ஆயிற்று, ஊர் மொத்தமும் வேலையை முடித்துக்கொண்டு மைதானத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் தாராபுரத்திலிருந்து சேதி வந்துவிட்டது. ஆனால் குரல் மட்டும் வரவில்லை. அந்தம்மா இன்னும் ஊருக்குள்தான் இருக்கிறாள் என்று தெரிந்ததும், காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் எழுந்து வந்தார்கள். கோபமாக வரவில்லை, மரியாதையாகத்தான் வந்தார்கள், "உக்காருங்கம்மா, நீங்க இறங்க வேண்டாம்" என்று அமலோற்பவத்தை வேனுக்குள் உட்காரவைத்து, மற்றவர்களையும் ஏற்றி, தோள் கொடுத்துத் தள்ளத் தொடங்கினார்கள். தக்காளி மண்டிக்காரர்கள் தள்ளினார்கள், வெங்காய மண்டிக்காரர்கள் தள்ளினார்கள், பின்னால் பெண்கள் வழியனுப்பிக்கொண்டே வந்தார்கள், ஊர் எல்லையில் இருக்கிற பலகையைத் தாண்டி வேனை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று கும்பிட்டுவிட்டு ஓட்டமாகத் திரும்பிப் போனார்கள். அன்றைக்கு வராத குரல் மறுநாள் அதே நேரத்துக்கு வந்தது, அதற்குள் வேன் சரியாகி இவர்கள் கம்பத்தில் மேடையேறிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. கம்பத்தில் குரல் வந்தபோது மின்சாரம் போயிருந்தது, எங்கே கரண்டு வந்து கெடுத்துவிடுமோ என்று பயந்து, நாலு பேர் மின்வாரிய ஊழியரைக் கையைப் பிடித்து உட்காரவைத்துத் திராட்சை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ராஜபாளையத்தில் இவர்கள் போய் இறங்கும்போதே டீலர், "வாங்க, வாங்க, எப்பக் கிளம்புறீங்க?" என்று கேட்டார். கச்சேரிக்குக் கூட்டமே இல்லை. நாற்காலியெல்லாம் காலி. முன்வரிசையில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவைத்துக்கொள்ள வந்த சில பேர், நாளைக்கு எந்த இடத்தில் பாய் விரிப்பது என்று தங்களுக்குள் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். விடிந்தும் விடியாமலும் இட்லிப் பொட்டலம் வேனுக்கு வந்துவிட்டது, டிரம்ஸை ஊர்க்காரர்களே கூரையில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். நாற்பது வருஷம் வாசித்த மனிதர், ஒரு காலி மைதானத்தில், வாயசைக்கிற ஒரு பெண்ணுக்கு, எதுவென்றே தெரியாத ஒன்றுக்குப் பதில் வாசித்துக்கொண்டு நின்றார். அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம்.

சங்கரன்கோவிலில் கச்சேரி முடிந்து வேனில் ஏறும்போது வெடித்துவிட்டார்.

"நீங்க பாடுறீங்களா, கொட்டாவி விடுறீங்களா? ஊரே உங்களைக் கேக்குது, உங்க கூட வாசிக்கிற எனக்கு மட்டும் ஒண்ணும் கிடையாது. நான் என்ன கட்டின மாலையோட நிக்கிற மோட்டாரா?"

லியோனார்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காசிம், அந்தப் பேசாத காசிம்கூட, "விடுங்க மாஸ்டர்" என்றார். வேன் நகர்ந்த பிறகு அமலோற்பவம் சொன்னாள்.

"நானும் கேட்டதில்ல மாஸ்டர்."

"எதை?"

"என் குரலை. பாடும்போது எனக்கும் கேக்காது. உள்ள என்னமோ நடக்கும், உடம்புக்குத் தெரியும், காதுக்குத் தெரியாது. நான் இருக்கிற ஊருக்கு அது வராதே, நான் எங்க போய்க் கேக்குறது? எல்லா ஊர்லயும் என்னைத் துரத்தாத குறையா அனுப்பிட்டு உக்காந்து கேக்குறாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொல்றாங்க. என்ன நல்லா இருந்துச்சு? யாருக்குச் சொல்லத் தெரியுது?"

தன் கோபம் இத்தனை நாளும் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்த மாஸ்டர், அது தன்னைவிடப் பல வருஷம் மூத்த கோபம் ஒன்றின் பக்கத்து இருக்கையில்தான் உட்கார்ந்து வந்திருக்கிறது என்று தெரிந்ததும் வெட்கப்பட்டார், துண்டால் முகத்தைத் துடைத்தார், ஒருவழியாகச் சொன்னார்.

"செங்கோட்டைதான் கடைசி. மறுநாள் எனக்குக் கச்சேரி இல்ல. நீங்க கிளம்புங்க, நான் இருந்து கேக்குறேன். கேட்டதை அப்படியே சாக்ஸபோன்ல உங்களுக்கு வாசிச்சுக் காட்டுறேன். ஒரு சுரம் சிந்தாம கொண்டுவந்து சேர்க்கிறேன், போதுமா?"

அவள் முதல்முறையாக அவரைத் திரும்பி நன்றாகப் பார்த்தாள். "நிஜமாவா மாஸ்டர்?" என்றாள். "தென்காசி ஸ்டேஷன்ல இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் அங்கேயே இருக்கேன்."

செங்கோட்டைக் கச்சேரியை மாஸ்டர் எப்படி வாசித்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. விடிந்ததும் குழு ஒரு பக்கம் போயிற்று, அமலோற்பவம் தென்காசிக்குப் போனாள், மாஸ்டர் மட்டும் தங்கினார். சாயங்காலம் மலைப்பக்கத்திலிருந்து சாரல் தூறியது. ஊரே குடையும் பாயும் பிளாஸ்டிக் விரிப்புமாக மைதானத்துக்கு வந்தது. மேடையைப் பிரித்துவிட்டிருந்தாலும் அவள் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு வட்டமாக இடம் விட்டே உட்கார்ந்தார்கள், பிள்ளைகள் அதற்குள் ஓடினால் அதட்டினார்கள். டீலர் பூலுடையார் மாஸ்டருக்கு ஒரு நாற்காலி போட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. இன்னா வந்துரும்."

வந்தது. சொல் கிடையாது, ஸ்வரத்தின் பெயர் கிடையாது, வெறும் மூச்சாகத் தொடங்கி மூச்சுக்கு நடுவில் ஒரு விரிசல் விழுந்து அந்த விரிசலுக்குள்ளிருந்து குரல் வந்தது, கீழே இறங்கும் என்று நினைத்த இடத்தில் பக்கவாட்டில் போனது, ஏறும் என்று நினைத்த இடத்தில் அங்கேயே நின்று நடுங்கியது, கோபமாக இருந்தது, கெஞ்சலாக இருந்தது, சண்டை போட்ட பிறகு சாப்பிடக் கூப்பிடுகிற குரலாக இருந்தது, மாஸ்டர் தன் வாழ்நாளில் வாசிக்க நினைத்து வாசிக்க முடியாமல் விட்டதெல்லாம் அதில் இருந்தது. நாலு சுற்றுப் பாடினாள். நிறுத்தினாள்.

அடுத்த நாலு சுற்றும் ஒன்றுமே இல்லை. சாரல் விழுகிற சத்தம் மட்டும். அப்புறம் மறுபடி பாடினாள், மறுபடி நாலு சுற்று நிறுத்தினாள், நிறுத்திய இடத்தில் அவள் காத்துக்கொண்டு நிற்பது மூச்சில் தெரிந்தது.

மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. அவள் எல்லா ஊரிலும் அவருக்கு இடம் விட்டிருக்கிறாள். கேட்காத காதோடு, உடம்பின் கணக்கை வைத்து, அச்சுப் பிசகாமல் இடம் விட்டிருக்கிறாள். அவரோ அவள் பாடும்போதெல்லாம் குறுக்கே விழுந்து வாசித்துவிட்டு, அவள் காத்திருந்த இடத்தில் எல்லாம் எச்சிலைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"பாவி, பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார். கண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது.

"அந்த எடத்துல ஒண்ணும் இருக்காது அண்ணாச்சி" என்று பூலுடையார் குனிந்து தைரியம் சொன்னார். "மூச்சு வாங்குததுக்கு விட்டிருக்காவ. இன்னா, அடுத்தது வந்துரும்."

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் திரும்பி, "அழுததா இருந்தா மெதுவா அழுங்கய்யா, நாங்களும் கேக்கணும்லா" என்றாள். மாஸ்டர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் கேட்டார், விரல்கள் முழங்காலின் மேல் சாக்ஸபோன் சாவிகளை அழுத்துவதுபோல அழுத்திக்கொண்டே இருந்தன, ஒன்றையும் விடவில்லை.

விடிய விடியத் தூங்காமல், வாயில் முணுமுணுக்கக்கூடப் பயந்து, தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைச் சுமப்பதுபோல அதைச் சுமந்துகொண்டு மறுநாள் சாயங்காலம் தென்காசி ஸ்டேஷனுக்கு வந்தார். அமலோற்பவம் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி..."

"பேசாதீங்க. பேசினா கொட்டிடும். உக்காருங்க."

பெட்டியைத் திறந்து சாக்ஸபோனை எடுத்துக் கழுத்தில் மாட்டினார். கண்ணை மூடினார். ஊதினார். காற்றுப் போகிற இரைச்சலும் சாவிகள் விழுகிற டிக்டிக்கும்தான் வந்தன. ஊதுவாயில் இருக்கிற நாணல் பட்டை காய்ந்துவிட்டதோ என்று அதைக் கழற்றி நாக்கில் நனைத்து மாட்டினார். ஏறு வரிசை ஒன்று வாசித்துப் பார்த்தார், கணீரென்று வந்தது, பிளாட்பாரத்தில் படுத்திருந்த ஆள் எழுந்து பார்த்தார். சரி என்று மறுபடி அவள் பாட்டைத் தொடங்கினார். ஒன்றும் இல்லை. பழைய கிறிஸ்துமஸ் மெட்டு ஒன்றை வாசித்தார், வந்தது. அவள் பாட்டுக்குப் போனார், சத்தம் போயிற்று.

"சனியன்! இதைப் பாருங்களேன்! இதுக்கு என்ன கேடு!" என்று அவர் சாக்ஸபோனைக் குலுக்கினார். "முழுசா இருக்கும்மா, எல்லாம் இருக்கு எங்கிட்ட, ஒண்ணையும் நான் விடல, சத்தியமா..."

அமலோற்பவம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் உதட்டில் வந்தது, அப்புறம் தோள் குலுங்கியது, எலுமிச்சம்பழப் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மாஸ்டர், நிறுத்தாதீங்க. வாசிங்க. முழுசா வாசிங்க."

"எதை வாசிக்க? கேக்கலையே!"

"ஊர்க்காரங்க எப்படிக் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும், நீங்க வாசிங்க. அப்புறம் உங்க ரயிலைப் பிடிங்க. நீங்க கிளம்பினாத்தானே வரும்!"

அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. உறைத்ததும் முகம் சிவந்தது. இது எந்த ஊர் நியாயம், இத்தனை நாள் அவளைக் கேட்காமல் தவித்தது போதாதா, இப்போது என்னையும் நான் கேட்கக்கூடாதா, யாரிடம் போய்ச் சண்டை போடுவது இதற்கு? ஆனால் சென்னை ரயில் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு, கச்சேரிக்கு முன்னால் முன்வரிசையில் உட்காருகிறவர்கள் உட்காருவதுபோல உட்கார்ந்துவிட்டாள். மாஸ்டர் வாசித்தார். அவள் பாடிய நாலு சுற்றை வாசித்தார், அவள் நிறுத்திய இடத்தில் தானும் நிறுத்தாமல், அவள் காத்திருந்த அந்த நாலு சுற்றில் தன் பதிலை வாசித்தார், சரியான இடத்தில் நுழைந்து சரியான இடத்தில் வெளியே வந்தார், மறுபடி அவள், மறுபடி அவர். வாழ்நாளில் அப்படி வாசித்ததில்லை என்று விரலுக்குத் தெரிந்தது, உதட்டுக்குத் தெரிந்தது, விலா எலும்புக்குத் தெரிந்தது. காதுக்கு டிக்டிக் என்று சாவிச் சத்தம் மட்டும் கேட்டது. டீ விற்கிறவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்துக்கொண்டு போனார்.

ரயில் வந்தது. அமலோற்பவமே அவருடைய பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தாள்.

"நாளைக்கு நீங்க..." என்றார் மாஸ்டர்.

"இதே பெஞ்சு. இதே நேரம். நான் எங்கயும் போக மாட்டேன்."

"மழை வந்தா?"

"வரட்டுமே."

ரயில் நகர்ந்தது. மாஸ்டர் வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாளைக்கு இந்த நேரத்துக்குத் தான் பெரம்பூரில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருப்போம், இங்கே அவளும் தானும் முதல்முறையாகச் சேர்ந்து வாசிப்போம், அதை டீ விற்கிறவர் கேட்பார், போர்ட்டர் கேட்பார், பிளாட்பாரத்தில் படுத்திருக்கிற ஆள் கேட்பார் என்று நினைத்தபடி பின்னால் போகிற பெஞ்சை எட்டிப் பார்த்தார். வேகம் இன்னும் எடுக்கவில்லை, பிளாட்பாரம் இன்னும் முடியவில்லை, இறங்கிவிட்டால்தான் என்ன என்று அவர் ஒரு காலைப் படியில் இறக்கினார்.

"மாஸ்டர்! இறங்காதீங்க!" என்று கத்திக்கொண்டு அமலோற்பவம் பெஞ்சிலிருந்து ஓடி வந்தாள், ரெண்டு கையையும் போ, போ என்று வீசிக்கொண்டே வந்தாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போங்க!"

மாஸ்டர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.